அரைக்குடைப் பிள்ளையார்

குனியமுத்தூரில் சீனிவாசலுவைத் தெரியாதவர்கள் குறைவு. அவருக்குச் சீனிவாசலு என்று ஒரு பெயர் இருப்பது தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. "டிரைவர்" என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார். சொந்தமாக வண்டி கிடையாது. வண்டி வாங்கிவிட்டு ஓட்டப் பயப்படுகிறவர்கள், ஓட்டத் தெரிந்தும் தூரத்துக்குச் சோம்பல்படுகிறவர்கள், இவர்களுக்கு ஒருநாள் இரண்டுநாள் போய் ஓட்டிக் கொடுப்பார். ஆக்டிங் டிரைவர் என்று அதற்குப் பெயர். நடிப்பும் ஒருநாள் தன் தலையில் வந்து விழும் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை அவர் நினைத்ததில்லை.

பிறந்தது சத்தியமங்கலம். மஞ்சள் மூட்டை ஏற்றும் லாரியில் கிளீனராக ஏறியவர், ஈரோட்டு மண்டிக்கும் மைசூருக்கும் இடையிலேயே மீசை முளைத்துப் பெரியவர் ஆனார். திம்பம் மலை வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவாராம். ஒருதடவை ஒரு சிறுத்தை குறுக்கே வந்து, லாரியைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, வாலை ஆட்டி 'ரைட் ரைட்' கொடுத்து அனுப்பியதாகக் கேள்வி. நம்புகிறவர்கள் நம்பலாம். சிறுத்தையை நான் விசாரிக்கவில்லை.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் சத்தியம். யார் வண்டியாக இருந்தாலும் உட்காரும் முன் செருப்பைக் கழற்றி வெளியே தட்டுவார். முன்னால் ஒட்டியிருக்கும் சாமி எந்தச் சாமியானாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். இன்னாசிமுத்து வாத்தியார் காரில் மாதா, அக்பர் அலி ஆம்னியில் பச்சை நிறத்தில் ஒரு மெக்கா படம். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "வண்டிய நாம ஓட்டறமுன்னு நெனச்சா அன்னிக்கே பள்ளத்துல எறக்கிருவோமுங்க" என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் கிட்டுசாமியிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து.

கிட்டுசாமி, பாரத தர்மச் சுடர் கட்சியின் நிறுவனர், தலைவர். அதற்கு முன்னால் பழைய ஃபிரிட்ஜ் வாங்கி விற்றவர். கட்சியில் பதவிகள் நிறைய, ஆட்கள் கொஞ்சம். அதனால் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பதவியைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். மாநகராட்சித் தேர்தலில் நின்றபோது அவருடைய சொந்த வீதியிலேயே நோட்டாவுக்கு அவரைவிட அதிகம் விழுந்தது. வீட்டம்மா அன்று ஊரில் இல்லை என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். அந்தம்மா அன்று வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டுப் போடாதவர்கள் வேடிக்கை பார்க்கத் தவறுவதில்லை. கிட்டுசாமி காரில் உட்கார்ந்தபடியே தினம் ஃபேஸ்புக்கில் நேரலை போடுவார். இன்ன சமூகத்துக்காரன் கடையில் டீ குடிக்காதே, இன்னவன் பட்டறையில் வண்டி விடாதே, இன்னவனுக்கு வீடு வாடகைக்குத் தராதே என்று முழங்குவார். முழங்கி முடித்துத் தொண்டை வறண்டதும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதே இன்னவன் கடையில் டீ வாங்கிவரச் சொல்லுவார். டீ அங்கேதான் நன்றாயிருக்கும்.

அவருடைய பழைய ஸ்கார்ப்பியோவுக்கு ஒருநாள் ஓட்டப் போன சீனிவாசலுவை அவர் கூப்பிட்டது இப்படி:

"வாங்க ஜி. சாப்டீங்களா ஜி?"

அந்த 'ஜி'தான். முப்பது வருஷமாக "டிரைவர், வண்டிய எடு", "டிரைவருக்கு வெளிய எல போட்டுருங்க" என்று கேட்ட காதில் அது தேனாக இறங்கியது. மாதம் முடிவதற்குள் கையில் ஒரு அட்டை வந்தது. வி. சீனிவாசலு, மாவட்டப் பொருளாளர். கட்சியில் பொருள் ஏதும் கிடையாது என்பது வேறு விஷயம். மனைவி மாசாணியம்மாள் அந்த அட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்தாளு பேசற பேச்சு நல்லால்லீங்க. நம்ம குல்சும் அக்காவெல்லாம் கேட்டா என்ன நெனைக்கும்?"

"அது மேடைப் பேச்சு அம்மணி. ஊட்டுக்கு வந்தா தங்கமான மனுசன்."

குல்சும் அக்கா என்றது உம்மல் குல்சுமை. மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். நோன்பு மாதத்தில் ஒரு தூக்குப் போசி கஞ்சி இந்த வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. அவருடைய ஒரே மகன் அஃபான் மெயின் ரோட்டில் பைக் பட்டறை வைத்திருந்தான். சீனிவாசலுவை "மாமா" என்றுதான் கூப்பிடுவான். அவருடைய ஓட்டை டி.வி.எஸ்.ஸுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்ததே அவன்தான். கிட்டுசாமி நேரலையில் கத்தும்போது போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சீனிவாசலு. மாலையில் வீட்டுக்கு வந்து அந்தக் கஞ்சியைக் குடித்தவரும் அவர்தான். இரண்டும் வேறுவேறு வாய் என்று வைத்துக்கொண்டார்.

ஒருநாள் கிட்டுசாமி பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி நேரலை ஆரம்பித்தார். அஃபான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, வண்டிய கொஞ்சம் அக்கட்டால போட்டுக்கோங்கண்ணே. இங்கயே நின்னா நல்லாருக்காதுங்க, கஸ்டமர் வர முடியல." சீனிவாசலுவைப் பார்த்துச் சிரித்து, "மாமா, சொல்லுங்க மாமா" என்றான்.

அவ்வளவுதான். வண்டி நகர்ந்தது. அது நேரலையில் பதிவாயிற்று.

இதற்கிடையில் கிட்டுசாமிக்கு ஒரு நோய் வந்திருந்தது. திருப்பூரில் இவரைப் போலவே ஒரு சில்லறைத் தலைவர். அவருக்குக் காவல்துறை துப்பாக்கியோடு பாதுகாப்பு கொடுத்துவிட்டது.

"பாத்தீங்களா ஜி? அவன் முடிவெட்டப் போனாலும் பின்னாடி கன்மேன் போறான். எம்பின்னாடி வீதி நாய்தான் வருது."

மனு கொடுத்தார். விசாரித்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்களக் கொல்லோணும்னா மொதல்ல உங்கள யாருக்காவது தெரிஞ்சிருக்கோணுமுங்களே?"

அந்தக் கேள்வியில் கிட்டுசாமிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சீனிவாசலுவைத் தனியாக அழைத்தார்.

"நம்ம வண்டி பானட்டுல லேசாக் கருகுனாப் போதும் ஜி. எவனோ தீ வெச்சான்னு பேப்பர்ல வந்துரும். நான் செஞ்சா கை நடுங்கும். உங்களையத் தவுத்து நான் யாரை நம்புவேன்?"

ஐப்பசி மழைக்காலம். சாயங்காலம் கரண்ட் போயிருந்த ஒரு நேரம். கேமராக்கள் எல்லாம் கண் மூடியிருந்தன. வீட்டுக்குப் பின்சந்தில் வண்டி நின்றது. சீனிவாசலு தன் டி.வி.எஸ். டேங்கிலிருந்து குழாய் போட்டுப் பெட்ரோல் எடுத்தார். கதவைத் திறந்தார். பழக்கம் விடுமா? செருப்பைக் கழற்றித் தட்டினார். முன்னால் கை நீட்டினார். அங்கே பிள்ளையார்.

கட்டைவிரல் உயரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பிள்ளையார். தலைக்குமேல் ஒரு குடை. அந்தக் குடையில் பாதி எப்போதோ உடைந்துபோய்விட்டது. தினமும் நேரலையில் கிட்டுசாமியின் தோளுக்குப் பக்கத்தில் இவர்தான் தெரிவார். வண்டியை எரிக்க வந்தவருக்குச் சாமியை எரிக்கக் கை வரவில்லை. "மன்னிச்சுக்கோ சாமி" என்று ஒட்டியிருந்த டேப்போடு பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் தீக்குச்சியைக் கிழித்தார்.

லேசாகக் கருகச் சொன்னார்கள். பழைய வண்டி, வயர் எல்லாம் மொறுமொறுவென்று இருந்தது. தீபாவளிக்கு முன்கூட்டியே வாங்கிவைத்த சரம் மாதிரி வெடித்து, முழு ஸ்கார்ப்பியோவும் எலும்புக்கூடாகிவிட்டது.

காலையில் மாசாணியம்மாள் துணி ஊறவைக்கும்போது பையில் கையை விட்டாள்.

"ஏனுங்க, பாக்கெட்டுல புள்ளையாரு உக்காந்திருக்காரு?"

"அது... தலைவர் குடுத்தாரு. பழசாப் போச்சுன்னு."

அவள் அவரைக் கழுவி, குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் மாசாணியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். உடைந்த குடைக்குமேல் ஒரு செம்பருத்தியையும் வைத்தாள்.

பத்து மணிக்குக் கிட்டுசாமி நேரலைக்கு வந்தார். அவர் அழுவார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"என்னைய எரிக்க வந்தாங்க, பரவால்ல! எம்பட வண்டிய எரிச்சாங்க, பரவால்ல! எம்பட அரைக்குடப் புள்ளையாரையே எரிச்சுப்போட்டாங்களே! அந்தச் சாம்பல்ல நான் எங்கீன்னு போயித் தேடுவேன்?"

அவருக்குச் சாதாரணமாகப் பார்க்க வருவது நாற்பது பேர். அன்று சாயங்காலத்துக்குள் லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அரைக்குடைப் பிள்ளையாருக்கு நீதி வேண்டும் என்று சுவரெல்லாம் போஸ்டர். ஒரு பேக்கரிக் கண்ணாடியில் கல் விழுந்தது. கரும்புக்கடை வட்டாரத்தில் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கின. வண்டி மட்டும் எரிந்திருந்தால் அது ஒரு பெட்டிச் செய்தி. பிள்ளையார் எரிந்ததால் ஊரே எரிகிற மாதிரி ஆயிற்று. அந்தப் பிள்ளையாரோ குளிர்ச்சியாகக் குங்குமம் வைத்துக்கொண்டு சீனிவாசலு வீட்டில் இருந்தார்.

மறுநாள் போலீஸ் அஃபானைக் கூட்டிக்கொண்டு போனது. பட்டறையில் பெட்ரோல் கேன் இருந்ததாம். பைக் பட்டறையில் பின்னே பாயசமா இருக்கும்? 'இங்கயே நின்னா நல்லாருக்காது' என்று அவன் சொன்ன துண்டை மட்டும் வெட்டி எல்லோர் போனிலும் சுற்றவிட்டிருந்தார் கிட்டுசாமி. ஸ்டேஷனில் சீனிவாசலுவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நீங்கதானே போன் புடிச்சது? மெரட்டுனானா?"

பக்கத்தில் கிட்டுசாமி. "சொல்லுங்க ஜி" என்றார், தோளில் கை வைத்து.

சீனிவாசலு தன் காலைப் பார்த்தார்.

"அப்புடித்தானுங்க" என்றார்.

இரண்டாவது வாரம் உம்மல் குல்சும் சீனிவாசலுவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.  உண்மை தெரிந்துவிட்டது என்றே மனிதர் நினைத்தார்.

"தம்பி, அண்ணன் அக்பர் அலி வண்டி சும்மாதான் நிக்குது. ஓட்ட ஆளில்ல. பையனைப் பாக்க செயிலுக்கு மனுப் போட்டிருக்கேன். கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க, பயம். நீங்க வருவீங்களா?"

"வாரேனுங்க அக்கா" என்று வாய் சொல்லிவிட்டது.

மூன்று வாரம் அந்த ஆம்னியில் அவரைக் காந்திபுரத்து மத்திய சிறைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். கூலி வாங்கவில்லை. உட்காரும்போது செருப்பைத் தட்டினார். ஆனால் முன்னால் இருந்த அந்தப் பச்சைப் படத்தைத் தொடக் கை எழவில்லை. குல்சும் அக்கா பின்சீட்டில் இருந்து பேசிக்கொண்டே வருவார். அழுகிற ரகம் இல்லை அவர்.

"உள்ள போயும் திமிரு அடங்கல தம்பி. வார்டன் பைக்கு மைலேஜ் குடுக்கலயாம், அதுக்கு இவன் யோசன சொல்றானாம். எளச்சுப் போயிட்டான். மாமா எப்படி இருக்காருன்னு கேட்டான்."

சீனிவாசலு கியர் மாற்றினார். மாற்ற வேண்டிய இடமே இல்லை.

"கட்சிக்காரரா இருந்தும் வந்தீங்களே. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும் தம்பி, இந்த ஊரு கெடாது. அல்லா உங்களுக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டான்."

வசவு வாங்கியிருந்தால் தூங்கியிருப்பார். அந்த வாழ்த்து அவர் தூக்கத்தைப் பிடுங்கியது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் எழுந்துவிடுவார். சாமி அலமாரிப் பக்கம் திரும்பாமலே வீட்டுக்குள் நடமாடப் பழகிக்கொண்டார். அலமாரி இருந்ததோ வீட்டுக்கு நடுவில். நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்தார்.

மாசாணியம்மாள் பொதுவாகப் போனோ போஸ்டரோ பார்க்கிறவள் அல்ல. ஈரோட்டில் கட்டிக்கொடுத்த மகள் அந்த அழுகை வீடியோவை அனுப்பிவைத்தாள். கிட்டுசாமியின் பழைய நேரலையும் கூடவே வந்தது. தோளுக்குப் பக்கத்தில் பிள்ளையார், தலைக்குமேல் அரைக்குடை. மாசாணியம்மாள் போனைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து புருஷன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எரிஞ்சவரு எப்புடீங்க நம்மூட்டுல இருக்காரு?"

அவர் எழுந்து பக்கவாட்டில் நகரப் பார்த்தார்.

"நீங்கதானா?"

"வெறும் பானட்டுன்னுதான் சொன்னாரு அம்மணி..."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நான் ஒரு மாசத்துக்கு மேலா இவருக்குப் பூ வெச்சுட்டிருக்கேன்" என்றாள். "அந்தப் பூவும் குல்சும் அக்கா ஊட்டுச் செடியில பறிச்சதுதானுங்க. அதுதான் பறிச்சுக்கோன்னு குடுத்துச்சு."

சீனிவாசலு கிட்டுசாமியிடம் ஓடினார். அங்கே நிலைமை மாறியிருந்தது. வாசலில் ஒரு கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கன்மேன் வந்தாயிற்று. உள்ளே ஜி ஒரு புதுச் சால்வையில் இருந்தார்.

"ஜி, புள்ளையாரு எங்கிட்டத்தான் இருக்காரு. அந்தப் பையன வெளிய உட்டுரச் சொல்லுங்க. ஏதோ ஷார்ட் சர்க்யூட்டுன்னு சொல்லிப் போடலாம்."

கிட்டுசாமி கதவைச் சாத்தினார். "உங்களுக்குப் பைத்தியமா ஜி? இப்பத்தான் கட்சிக்கே உசுரு வந்திருக்குது. குறிச்சிக் குளத்துல கொண்டுபோயிக் கரச்சுருங்க. சதுர்த்திக்குக் கரைக்கறதுதானே? ஞாயித்துக்கெழம பொதுக்கூட்டத்துல புதுப் புள்ளையாரு வெக்கறோம், நீங்கதான் மாலை போடறீங்க. அப்புறம்," என்று குரலைத் தாழ்த்தினார், "தீ வெச்ச கை யாரோடதுன்னு நான் மறந்துட்டேன். நீங்க ஞாபகப்படுத்தாதீங்க."

அடுத்த நாள் விடிந்ததும் சீனிவாசலு குளத்துக்குப் போனார். போனார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கடைசிவரை நல்லவராகவே இருந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகாயத்தாமரை இல்லாத இடமாகப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு வீசினார். கண்ணைத் திறந்தார். பிள்ளையார் மிதந்துகொண்டிருந்தார். உள்ளே வெறும் காற்று, வெளியே பிளாஸ்டிக், எப்படி முங்குவார்? காற்றடித்தது. அரைக்குடையைப் பாய்மரமாக விரித்துக்கொண்டு, தும்பிக்கையால் துடுப்புப் போட்டபடி நேரே அவர் காலடிக்கே வந்து முட்டி நின்றார். தும்பிக்கை சமாச்சாரம் என் சரக்கு. மற்றது அப்படியே நடந்தது. மறுபடி எறிந்தார். மறுபடி வந்தார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, கல்லக் கட்டிப் போடுங்க" என்று உதவியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாமி கழுத்தில் கல்லைக் கட்டுவதா? சீனிவாசலு படிக்கட்டில் உட்கார்ந்தார். ஈரப் பிள்ளையாரை வேட்டியில் துடைத்தார். அஃபான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு "மாமா, சொல்லுங்க மாமா" என்றது காதில் விழுந்தது. அன்று அவன் சிரித்தானே, அதைத்தான் மிரட்டல் என்று சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நல்ல கும்பல். மேடையில் தங்கக் கலர் அடித்த புதுப் பிள்ளையார், முழுக்குடையோடு. "இப்பொழுது மாவட்டப் பொருளாளர் சீனிவாசலுஜி அவர்கள் மாலை அணிவிப்பார்" என்று மைக் சொன்னது. சீனிவாசலு மேடையேறினார். மாலையை வாங்கவில்லை. பிள்ளையாரைத் தாண்டி, கிட்டுசாமியைத் தாண்டி, அவர் நாற்காலிக்குப் பின்னால் விறைப்பாக நின்றிருந்த கன்மேனிடம் போனார். ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் யாரோ திணித்த சுண்டலுமாக நின்றார் அந்த மனிதர்.

"சார், இதக் கொஞ்சம் புடிங்க."

"என்னய்யா இது?"

"எரிஞ்சதாச் சொல்றாங்களே, அந்தப் புள்ளையாருங்க. கொடையப் பாருங்க. நாந்தான் கழட்டுனேன். கழட்டிப்போட்டுத்தான் வண்டிக்குத் தீ வெச்சேன். வெக்கச் சொன்னது இவரு. அந்தப் பையன் மெரட்டவே இல்லீங்க சார். நான் பொய் சொன்னேன்."

கிட்டுசாமி மைக்கை மூட மறந்துவிட்டார். அதனால் இதை மேடை மட்டும் கேட்கவில்லை, உக்கடம்வரை கேட்டது என்று சொல்கிறார்கள். கன்மேன் சுண்டலை நாற்காலியில் வைத்தார். பிள்ளையாரை உற்றுப் பார்த்தார். பிறகு கிட்டுசாமியின் தோளில் கை வைத்து, "ஜி, கொஞ்சம் எறங்குங்க" என்றார். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய கன்மேன்தான் அவரை ஜீப்புவரை பத்திரமாகக் கூட்டிப்போனார்.

அஃபான் அந்த வாரமே வெளியே வந்தான். பிள்ளையார் கழுத்தில் சீட்டுக் கட்டி நீதிமன்றத்தில் சாட்சியாக வைத்திருக்கிறார்கள். கிட்டுசாமி ஜாமீனில் வந்து, இது எல்லாமே சதி என்று மறுபடி நேரலை போடுகிறார். பார்ப்பது பழைய நாற்பது பேர். அந்த நாற்பது பேர் மட்டும் இன்னும் நம்புகிறார்கள்.

சீனிவாசலுவுக்கும் ஜாமீன் கிடைத்தது. தினம் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி ஓட்ட யாரும் கூப்பிடுவதில்லை. வந்த முதல்நாள் குல்சும் அக்கா வீட்டுக்கு மாசாணியம்மாளோடு போனார். உள்ளே கூப்பிடவில்லை. விரட்டவும் இல்லை. செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே குல்சும் அக்கா கேட்டது ஒன்றுதான்.

"தீ வெச்சத விடுங்க தம்பி. பொய் சொன்னதக்கூட விடுங்க. மூணு வாரம் என்னைய வண்டியில வெச்சு ஓட்டுனீங்களே, நான் பின்னாடி உக்காந்து உங்களுக்கு துஆ செஞ்சுட்டு வந்தேனே. போற வழியில ஒரு சிக்னல்லயாவது சொல்லியிருக்கலாமே?"



போன மாதம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் டி.வி.எஸ். நின்றுவிட்டது. நின்ற இடம் பட்டறை வாசல். வேண்டுமென்றே அங்கே நிற்கவைத்தார் என்று மாசாணியம்மாளே சந்தேகப்படுகிறாள். நான் அந்த ஆராய்ச்சிக்குப் போகவில்லை. உதைத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. உள்ளே குனிந்திருந்த அஃபான் நிமிர்ந்து பார்த்தான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். பிளக்கைக் கழற்றி, ஊதி, தேய்த்து, மாட்டி, ஒரே உதையில் கிளப்பிக் கொடுத்தான்.

சீனிவாசலு பையில் கைவிட்டார்.

"வேணாம்" என்றான் அவன். அப்புறம், வாசலில் கஸ்டமர் வண்டி ஒன்று காத்திருப்பதைப் பார்த்து, தலையை லேசாகத் தாழ்த்தி, மரியாதையாகவே சொன்னான்.

"கொஞ்சம் வண்டிய நகத்திக்கோங்க சார்."